ஒரு ஜோடி கொலுசில் ஒரு மோல்

முதல் வார அசைன்மென்ட்டில் எனக்குப் பத்துக்கு 7. இரண்டாம் வாரம் 3. மூன்றாம் வாரமும் 3. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. பேராசிரியர் நிதானமாகச் சொன்னார், நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கேள்வியைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆன்லைனில் அடிப்படை வேதியியல் படிக்கச் சேரும் நிறையப் பேர் இந்த மூன்றாவது வாரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் விட இருந்தேன். விடாமல் போனதற்குக் காரணம் எங்கள் பட்டறைத் தராசு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வீட்டின் பின்பக்கம்தான் வேலை நடக்கிறது. கணவர், கொழுந்தனார், நான்கு ஆட்கள். எடை, கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் 15 வருடமாக என் பொறுப்பு. பிளஸ் டூவில் காமர்ஸ், பிறகு பி.காம். பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டவள் நான்.

அதை மறுபடி எடுக்க வைத்தது கொழுந்தனாரின் இருமல். அரத்தூளையும் துண்டு வெள்ளியையும் பிரிக்க அவர் நைட்ரிக் திராவகம் ஊற்றுவார். செங்காவி நிறத்தில் புகை எழும். அன்று ராத்திரி முழுக்க இருமுவார். "இந்தப் புகை என்னது தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். "திராவகப் புகைதான் அண்ணி, எங்கப்பா காலத்துல இருந்தே இப்படித்தான்" என்றார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினமும் வீட்டுக்குள் நடக்கிற ஒன்று என்னவென்று யாருக்குமே தெரியவில்லையே என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் என் மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள்தான் ஆன்லைனில் பாடம் படிக்கும் ஸ்வயம் தளத்தைக் காட்டினாள். மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கியது. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும், நான் கட்டியது 1000 ரூபாய். நான் சேர்ந்த அடிப்படை வேதியியல் 12 வாரம், வாரம் ஏறக்குறைய இரண்டரை மணி நேர வீடியோ, வாரம் ஒரு அசைன்மென்ட். 12 அசைன்மென்ட்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. இதை முதல் நாளே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு வாரம் சறுக்கியும் மதிப்பெண் போய்விடுமே என்று நான் பயப்படாமல் இருந்தது அந்த எட்டுக் கணக்கினால்தான்.

இரண்டாம் வாரம் மோல், அதாவது அணுக்களை எண்ணும் ஓர் அளவு. 6.022 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்ற எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அது எனக்குள் இறங்கவே இல்லை. ஒரு டஜன் என்றால் 12 மாதிரி, ஒரு மோல் என்றால் இத்தனை என்று எல்லோரும் சொல்கிறார்கள். டஜன் வாழைப்பழத்தை என்னால் பார்க்க முடியும், மோலைப் பார்க்க முடியவில்லையே.

மூன்றாம் வாரமும் 3 வாங்கிய இரவு, பட்டறையில் மறுநாள் கொடுக்க வேண்டிய கொலுசுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடி சரியாக 135 கிராம் நின்றது. 80 டச் சரக்கு, அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. கை பழக்கத்தில் உள்ளே இருக்கும் சுத்த வெள்ளியைக் கணக்குப் போட்டேன்: 108 கிராம். போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளியின் அணு நிறை 107.87, அத்தனை கிராம் எடுத்தால் அது ஒரு மோல். அதாவது என் கையில் இருந்த அந்த ஜோடியில் ஒரு மோல் வெள்ளி இருந்தது. அந்தப் பெரிய எண் அத்தனையும் திருகாணியோடும் முத்தோடும் உள்ளங்கையில் கனத்துக்கொண்டிருந்தது. மீதி 27 கிராம் செம்பு. செம்பின் அணு நிறை 63.55, ஆக அரை மோலுக்கும் குறைவு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

அன்றைக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் பாடமானாலும், வீட்டிலோ ஊரிலோ கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளோடு அதைக் கட்டிவைத்த பிறகுதான் அடுத்த வீடியோ. கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஆய்வகம் இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது பொருளைத் தொட்டு, கொதிக்க வைத்து, நிறம் மாறுவதைப் பார்க்கிறார்கள். ஆன்லைனில் நமக்கு அது கிடையாது. அந்தக் குறையை நாமே ஈடுகட்டாவிட்டால் வேதியியல் வெறும் எழுத்தும் எண்ணுமாகவே நின்றுவிடும்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று ஒன்று வரும், முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருள். பலரும் தடுமாறும் இடம். எனக்கு அது ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. 50 சங்கிலி இருக்கிறது, கொக்கி 30தான் இருக்கிறது என்றால் எத்தனை கொலுசு முடியும்? கொக்கிதான் முடிவு செய்யும், சங்கிலி மீந்து கிடக்கும். விளைச்சல் விழுக்காடு என்பது எங்கள் சேதாரக் கணக்கேதான். கணக்குப்படி வர வேண்டியது இவ்வளவு, கைக்கு வந்தது இவ்வளவு. 15 வருடமாக நான் எழுதிவந்த நோட்டுக்கு வேதியியலில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உங்கள் தொழில் சமையலோ சாயப்பட்டறையோ ஜவ்வரிசி ஆலையோ, எதுவானாலும் இப்படி ஒரு கணக்கு அதற்குள் கிடக்கும். தேடிப் பாருங்கள்.

தொழில் பழக்கம் காலை வாரியதும் உண்டு. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சில்வர் நைட்ரேட் கரைசல் 250 மில்லி தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும் என்று ஒரு கேள்வி. பட்டறையில் மில்லி என்றால் மில்லிகிராம்தான். அந்த நினைப்பிலேயே கால் கிராம் என்று எடுத்துக்கொண்டு 0.025 கிராம் என்று விடை போட்டேன். சரியான விடை 4.25 கிராம். 250 மில்லிலிட்டர் கால் லிட்டர், அதில் 0.025 மோல், ஒரு மோல் 169.87 கிராம். அன்றிலிருந்து அலகு எழுதாமல் ஒரு எண்ணைக்கூட நோட்டில் எழுதுவதில்லை. ஒவ்வொரு வரியிலும் கிராம், மோல், லிட்டர் என்று முழுதாக எழுதி, மேலும் கீழும் அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்கும் அலகே விடை சரியா தப்பா என்று சொல்லிவிடும். நான் தப்பாகப் போட்ட கணக்குகளில் பாதிக்கு மேல் அலகுப் பிழைதான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். நான் தமிழ் வழியில் படித்தவள். முதல் இரண்டு வாரம் கேட்பதிலேயே சக்தி எல்லாம் போயிற்று. அப்புறம் வரிசையை மாற்றினேன். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் தமிழ் வழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வாரத் தலைப்பை முதலில் அதில் படித்துவிடுவேன், பிறகுதான் வீடியோ. ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பத்தி போட்டு, லிமிட்டிங் ரீஏஜென்ட் எதிரே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, பிரெசிபிடேட் எதிரே வீழ்படிவு, எம்பிரிகல் ஃபார்முலா எதிரே எளிய விகித வாய்ப்பாடு என்று எழுதிக்கொண்டே வந்தேன். 12 வாரத்தில் 200 சொற்களுக்கு மேல் சேர்ந்தன. சொல் தெரிந்துவிட்டால் பேராசிரியரின் ஆங்கிலம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. தமிழில் படித்தால் பின்தங்கிவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருத்தைத் தமிழில் பிடித்தவர்களுக்கு ஆங்கிலப் பெயரைச் சேர்த்துக்கொள்வது சின்ன வேலை.

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய புத்தகங்களில் மோலுக்கு விளக்கம், 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று இருக்கும். 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள்: 6.02214076 பெருக்கல் பத்தின் அடுக்கு 23. கணக்குப் போடுவதில் வித்தியாசம் ஒன்றும் வராது. விளக்கம் கேட்கும் கேள்வியில் வரும்.

கணிதத்தில் பத்தின் அடுக்குகளும் மடக்கையும் (லாகரிதம்) போதும். ஆனால் அவை கட்டாயம் வேண்டும். அமிலத்தன்மையை அளக்கும் பி.ஹெச். பாடம் வரும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளோடு உட்கார்ந்து மடக்கை மட்டும் போட்டேன். பி.ஹெச். 3 உள்ள கரைசலில் 5 உள்ளதைவிட ஹைட்ரஜன் அயனி 100 மடங்கு என்பது அந்த ஒரு நாளால் எளிதாகப் புரிந்தது. படிப்பில் சேரும் முன்பே இரண்டு வாரம் இதற்கு ஒதுக்கியிருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் எண்கள், ஆர்பிட்டால் வடிவங்கள் வந்த வாரங்களில் கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே என் விதி செல்லவில்லை. தினம் இருபது நிமிடம் படம் வரைந்து பார்த்து, எலக்ட்ரான் அமைப்பை எழுதி எழுதித்தான் தாண்டினேன்.

ஏழாம் வாரம் வாயுக்கள். நான் எதற்காகச் சேர்ந்தேனோ அது அங்கேதான் கிடைத்தது. அடர் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும்போது ஒரு மோல் வெள்ளிக்கு ஒரு மோல் நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியே வரும். செங்காவிப் புகை அதுதான். ஒரு மோல் வாயு நம் ஊர்ச் சூட்டில் ஏறத்தாழ 25 லிட்டர் இடம் பிடிக்கும். கொழுந்தனார் ஒரு தடவைக்குக் கரைக்கும் தூளில் வெள்ளி 10 கிராம் என்று வைத்தால், 0.093 மோல், 2.3 லிட்டர் வாயு. அவர் வேலை செய்த அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. லிட்டரில் சொன்னால் 28,300. புகை வெளியே போகாமல் அந்த அறையிலேயே கலந்தால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 80 பங்கு. செம்பு கரைவதால் வரும் புகையை நான் சேர்க்கவே இல்லை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதியில் எந்த நேரத்திலும் தாண்டக்கூடாத அளவு 5 பங்கு.

விடையைப் பார்த்துவிட்டு இரண்டு முறை திரும்பப் போட்டேன். அதே எண்தான். இந்த வாயு நுரையீரலின் ஈரத்தில் பட்டு மறுபடி அமிலமாகிறது. அந்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆபத்தாவதும் உண்டு. அவர் ராத்திரிதான் இருமுவார் என்பது நினைவுக்கு வந்தது. எனக்குக் கை நடுங்கியது.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் கணவரையும் கொழுந்தனாரையும் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். புகை கெடுதல் என்று நாங்கள் சொன்னதெல்லாம் இத்தனை வருடமாக அவர் காதில் ஏறியதில்லை. எண் ஏறியது. எடையிலேயே வாழ்கிறவர்கள் அவர்கள். "அஞ்சு இருக்க வேண்டிய எடத்துல எம்பதா அண்ணி?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது அந்த வேலை எங்கள் வீட்டில் நடப்பதில்லை. தூளையும் துண்டையும் சேர்த்து வைத்து, புகை உறிஞ்சும் வசதி உள்ள இடத்தில் கொடுத்து வாங்குகிறோம். கூலி கொஞ்சம் அதிகம்தான், போகட்டும். உங்கள் வீட்டில் யாராவது மூடிய அறையில் இதைச் செய்கிறார்கள் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். துணியை மூக்கில் கட்டினால் வாயு நிற்காது.

அடுத்து எங்கள் ஊர்க் கல். சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் மாமாங்கம் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் மேடுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். சுரங்கத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா வீட்டில், காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாக ஒரு துண்டு பல வருடமாக இருந்தது. கேட்டு வாங்கி வந்தேன்.

சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு போய் மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். ஒரு மோல் மக்னசைட்டான 84.3 கிராமில் 44 கிராம் காற்றோடு போகும். அதாவது 100 கிராம் சுத்தமான கல்லில் 52.2 கிராம் குறைய வேண்டும். வீடியோவில் இதைக் கரும்பலகையில் போட்டார்கள். நமக்குத்தான் உலை இருக்கிறதே என்று தோன்றியது.

"கல்லை உருக்கப் போறீங்களா அண்ணி?" என்றார் கொழுந்தனார். உருகாது, மக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால்தான் இரும்பு உலைகளுக்கே அதில் செங்கல் செய்கிறார்கள் என்றேன். கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்தோம், பெரிய துண்டாகப் போட்டால் தெறிக்கும். வெள்ளி உருக்கும் கிண்ணமான பழைய மூசை ஒன்றில் 100 கிராம் எடை போட்டு எடுத்துக்கொண்டோம். வெள்ளி உருக்கி முடித்த உலையில் ஒரு மணி நேரம் செஞ்சூட்டில் வைத்து, மூடி ஆறவைத்து எடை போட்டால் 53. சரி என்று முடித்திருப்பேன். மகள்தான் மறுபடி வைக்கச் சொன்னாள், எடை மாறாமல் நிற்கும் வரை சூடாக்க வேண்டும் என்று அவள் பள்ளி ஆய்வகத்தில் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி அரை மணி நேரம்: 51.2. இன்னும் அரை மணி நேரம்: 51.2. நின்றுவிட்டது.

குறைந்தது 48.8 கிராம். குறைய வேண்டியது 52.2. வகுத்தால் 93.5 விழுக்காடு. குறைந்தது எல்லாம் கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், அந்தக் கல்லில் மக்னசைட் அவ்வளவு, மீதி மணற்சத்து போன்ற வேறு பொருள். வெள்ளிக்கு டச் பார்ப்பது போல ஒரு கல்லுக்கு டச் பார்த்திருக்கிறோம் என்று பட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன். ஆட்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர் வந்து, அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாதி எடை காத்தாப் போச்சா!" என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வார அசைன்மென்ட்டில் எனக்குப் பத்துக்கு 10.

பாயில் விதிக்கு ஏற்காடு போதும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போனதும் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். அழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அங்கே தண்ணீரும் 95 டிகிரிக்கே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவது அதனால்தான்.

படிக்கும் முறையில் நான் மாற்றியவை: காய் நறுக்கிக்கொண்டே வீடியோ பார்ப்பதை நிறுத்தினேன். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, பட்டறைச் சத்தம் தொடங்கும் முன்பு, நோட்டும் பேனாவுமாக. பேராசிரியர் கணக்கை எழுதத் தொடங்கியதும் வீடியோவை நிறுத்திவிட்டு நானே போட்டுப் பார்ப்பேன். முப்பது நிமிட வீடியோ ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அசைன்மென்ட்டுக்குப் புதன்கிழமை இரவு 11:59 வரை நேரம் இருக்கும். ஒருமுறை பத்து மணிக்கு உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு திங்கட்கிழமையே முடித்து அனுப்பிவிடுவேன். தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் புது வீடியோ எதுவும் பார்க்கவில்லை. 12 அசைன்மென்ட்டையும் விடையை மறைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

தேர்வு மூன்று மணி நேரம், கணினியில். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள். மொத்தத்தில் 62 வாங்கினேன். தேர்ச்சிக்குத் தேர்வில் மட்டும் 75-க்கு 30 வேண்டும், அசைன்மென்ட்டில் 25-க்கு 10. இரண்டும் தனித்தனியாக வேண்டும் என்பதைச் சிலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டே கிரெடிட்டுக்காகச் சேருபவர்களுக்கு ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2021 விதிமுறை, ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் பாடங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை உங்கள் கல்லூரி ஏற்கும், செய்முறைப் பகுதிக்கு என்ன செய்வது என்பதைச் சேரும் முன்பே துறையில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் நாத்தனார் மகள் வாய்ப்பேச்சை நம்பிச் சேர்ந்துவிட்டு, கடைசியில் ஆய்வகப் பாடத்தைத் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

அந்த ஆய்வகம்தான் எனக்கும் பாக்கி. தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்குகள் எல்லாம் சரியாகப் போடுகிறேன். நிறம் காட்டும் பினாப்தலீன் எந்த நிறத்துக்கு மாறும் என்று தெரியும். ஆனால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயை இதுவரை கையில் பிடித்ததில்லை. கடைசிச் சொட்டு விழும்போது குடுவை முழுவதும் ஒரே கணத்தில் இளஞ்சிவப்பாகும் என்று மகள் சொல்லும்போதெல்லாம் பொறாமையாக இருக்கிறது. பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஆய்வகத்தில் நிற்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.